கையில் ஏந்திய தண்ணீர்

டேங்கர் லாரியின் முகத்தைப் பார்த்ததுமே உயர்ந்துவிடும் கம்பெனி கேட்டின் தடுப்புக் கம்பி அன்று காலை அசையவில்லை. புருஷோத்தமன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். பக்கத்து இருக்கையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த அவன் அப்பா கோதண்டராமன், “அடிக்காத. நாம இன்னா வழி தப்பி வந்தவங்களா? அவனே தூக்குவான்” என்றார். மாதத்தின் முதல் தண்ணீர் லோடுக்கு மட்டும் அவரே கூட வருவது வழக்கம். போன மாதம் வர முடியவில்லை. வலது கண்ணில் புரை எடுத்து, மறைமலை நகரில் மகள் வீட்டில் பத்து நாள் படுத்திருந்தார். இன்றைக்குத்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே கிளம்பியிருந்தார். ஒரகடம் சாலையின் ஷிப்ட் பஸ்களும் அவற்றின் மஞ்சளும் நீலமும் கண்ணில் குத்துகிற மாதிரி தெரிந்தன. இத்தனை வருடம் உலகத்தைக் கஞ்சித் தண்ணீர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

செக்யூரிட்டி கம்பியைத் தூக்கவில்லை. ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். புருஷோத்தமன் படித்துச் சொன்னான். கார்களுக்கான ஒயர் முனைகளில் பொருத்தும் செப்புத் தகடுகளில் மூன்று வாரமாகக் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன. தகடு அடிக்கும் ஹாலில் காற்று காய்ந்துபோகாமலிருக்கப் பனிபோல் தூவும் தண்ணீரைப் பரிசோதித்ததில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பது தெரிகிறது. விசாரணை முடியும்வரை இந்த டேங்கரின் தண்ணீர் எடுக்கப்படாது.

“அது இன்னாடா சைடு?”

“புண்ணு மேல ஊத்துனா நொரைக்குமேப்பா, ஆஸ்பத்திரில. அந்த மருந்து.”

“அத போயி நம்ம தண்ணில யாரு ஊத்துனது?”

புருஷோத்தமன் தாளின் அடியைக் காட்டினான். பரிசோதித்தவர்: இசக்கிசெல்வி, லேப். கோதண்டராமனின் வீட்டு மாடியில் மூன்றாவது அறையில் குடியிருக்கிற, தெற்கே ஏரலிலிருந்து வந்த பெண். நேற்றுச் சாயங்காலம்கூட அவர் வீட்டுக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டு போனவள்.

பின்னால் இன்னொரு டேங்கர் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வசந்தகுமார் பங்காளி வீட்டுப் பையன். பாகப்பிரிவினையிலிருந்து பேச்சு அவ்வளவாக இல்லாத வீடு. தாளை எட்டிப் பார்த்தான்.

“இன்னா பெரிப்பா, தண்ணி ஓட்றியா, மருந்துக் கட வச்சிகீறியா?”

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். கம்பெனிக்குள்ளிருந்து மேனேஜர் பலராமன் வந்து சேர்ந்தபோது கோதண்டராமன் லாரியை விட்டு இறங்கியிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். டேங்கரின் அடிக்குழாயை ஒரு சுற்றுத் திறந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தண்ணீரை ஏந்தினார்.

அவர் வம்சத்தில் இது விளையாட்டில்லை. ஏரிப் பாசன முறையில் தகராறு வந்தால் கையில் தண்ணீர் ஏந்திச் சொன்னவன் சொல்லோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் சாட்சியும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆனால் பொய்யாக ஏந்தியவன் வீட்டில் அதன்பிறகு பங்காளிகள் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். கல்யாணமானாலும் சாவானாலும் அந்த வீட்டுச் சொம்புக்கு யாரும் கை நீட்டமாட்டார்கள். அவர் அப்பா தன் ஆயுளில் ஒரே முறைதான் ஏந்தினார். கோதண்டராமன் இன்றுவரை ஏந்தியதே இல்லை.

“எங்க கெணத்துத் தண்ணியத் தவிர இந்தக் கம்பெனிக்குள்ள வேற தண்ணி ஒரு சொட்டு ஏத்துனதில்ல. அதுல நாங்க எதுவும் கலந்ததும் இல்ல. இந்தத் தண்ணி மேல ஆண.” அதை அப்படியே வாயில் ஊற்றிக் குடித்தார். தாடையில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

சிரிப்பு நின்றது. வசந்தகுமார்கூட ஓரடி பின்னால் போனான். பலராமன்தான் தயங்கித் தயங்கி, “சத்தியம்லாம் எதுக்கு சார். அந்த மருந்து பட்டா மாறற டெஸ்ட் பேப்பர் ப்ளூவா மாறிச்சி. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார்.

புருஷோத்தமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா திரும்பிப் பார்க்கவேயில்லை.

மதியம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த இசக்கிசெல்வியை அவர் வாசலிலேயே நிறுத்தினார். மாடியில் எட்டு அறைகள். எல்லாவற்றிலும் தெற்கத்திப் பிள்ளைகள்தான். அந்த நேரத்தில் படிகளில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். அவள் தோள்பையைக் கழற்றாமல் நின்றாள். இருபத்து மூன்று வயதிருக்கும். பயந்த முகம்தான், ஆனால் கண் கீழே இறங்கவில்லை.

“ஐயா, நான் ஒங்க பேர எழுதல. தண்ணின்னுதான் எழுதுனேன்.”

“தண்ணியும் என் பேரும் வேற வேறன்னு உனக்கு எவன் சொன்னான்?”

“கண்ணால கண்டத எழுதுனேன். காகிதம் நீலமாச்சு. வெள்ளன்னு எழுதச் சொல்லுதியளா?”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. “எங்கேந்து எடுத்த தண்ணி?”

“ஹால்ல பனி அடிக்க மூக்குக் குழாய்க்குக் கீழ தட்டு வச்சுப் புடிச்சேன்.”

“கம்பெனி மொட்ட மாடில டேங்க் கீது. என் தண்ணி அதுலதான் கீது. அதுலேந்து ஏன் எடுக்கல?”

அவள் முதல் முறையாகத் தடுமாறினாள். “ஏணிக் கதவு சாவி செக்யூரிட்டிகிட்ட இருந்துச்சு. டேங்க்கு தண்ணிதான கொழா வழியா வருது, எல்லாம் ஒண்ணுதானன்னு…”

“ஒண்ணுதானன்னு! என் வூட்ல குடிக்கிற தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் அந்தக் கெணறு. அத எழுதறதுக்கு முன்ன ஏணி ஏற உனக்குக் கால் வலிச்சிதா? ஒண்ணாந்தேதிக்குள்ள ரூம காலி பண்ணிடு.”

உள்ளிருந்து மனைவி ராஜாமணி, “இன்னாங்க இது, பொட்டப்புள்ளகிட்ட நடுவாசல்ல நின்னுகினு…” என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுப்படிக்குப் போய்விட்டாள். இசக்கிசெல்வி படியேறினாள். ஆறாவது படியில் நின்று, திரும்பாமலேயே, “ஏணி ஏறியிருக்கணும். அது என் தப்புதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் அவர் கிணற்றடிக்கு நடந்தார். முன்பு சுற்றிலும் அவர்கள் நிலம். இப்போது மூன்று பக்கமும் கம்பெனிகளின் மதில். கிணறும் மோட்டார் கொட்டகையும் மட்டும் மதில்களுக்கு நடுவே மிஞ்சியிருந்தன. கம்பிக் கதவைத் திறந்தவரின் கண் மோட்டார் மேல் நின்றுவிட்டது. பழைய கண்ணாயிருந்தால் தெரிந்திருக்காது. மோட்டாரின் பக்கவாட்டில் புதுப் பச்சைப் பெயின்ட். நான்கு போல்ட்டுகளும் புதியவை. தரையில் செம்புக் கம்பித் துணுக்கு ஒன்று சிவப்பாக மின்னியது.

புருஷோத்தமனைக் கூப்பிட்டார். அவன் வந்து, அப்பாவின் பார்வை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டதுமே கொட்டகை வாசலில் நின்றுகொண்டான்.

“இது எப்போ அடிச்ச பெயின்ட்?”

“மோட்டார்ல காயில் பொகஞ்சி போச்சிப்பா. ஸ்ரீபெரும்புதூர்ல குடுத்துப் புதுக் கம்பி கட்டி வாங்கியாந்தேன்.”

“எத்தினி நாளு?”

“மூணு நாளு. நீ தங்கச்சி வூட்ல கண்ணக் கட்டிகினு இருந்த.”

“அந்த மூணு நாளு கம்பெனிக்கு?”

அவன் மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பலராமன் சார் போன் மேல போன். லைன் நின்னுடும்னாரு. மோட்டார் போனத அவர்கிட்ட சொல்லல. கல்குவாரி குட்டைலேந்து மூணு லோடு அடிச்சேன். தெளிஞ்ச தண்ணிதாம்பா. ஒண்ணும் கலக்கல. அம்மா மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல.”

கோதண்டராமனின் வலது கை தானாக விரிந்து அவர் முன்னால் வந்தது. காலையில் ஏந்திய கை. அதில் ஒன்றுமில்லை. “ஏன்டா சொல்லல?” என்றார்.

“நீ கேக்கலியே. கைய நீட்டி ஆண வைக்கிற வரிக்கும் நீ என்னக் கேக்கவேயில்லியே.”

அறைய ஓங்கியவர் ஓங்கிய கையை மோட்டாரின் மேல் வைத்துக்கொண்டார். அறைந்தால் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். குடும்பத்துக்குள் அடிதடி என்று எவனும் பேசக்கூடாது. அந்த நிலையிலும் அவருக்கு அந்த நினைப்புதான் முதலில் வந்தது. அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனதை மாடியில் எட்டு அறைகளும் பார்த்திருக்கும். அந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளைகள் தெருக் குழாயில் குடம் தூக்கியிருக்கும். அப்படியென்றால் அந்த மூன்று நாள் லோடு கிணற்றுத் தண்ணீரில்லை என்பது, வாசலில் அவர் கத்தும்போது இசக்கிசெல்விக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசாமல் படியேறினாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ராஜாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். குட்டைத் தண்ணீரில் ஏதோ இருந்திருக்கிறது, அதுதான் தகட்டைக் கறுத்திருக்கிறது என்று முடிவுக்கே வந்துவிட்டார். எந்தக் கம்பெனி எதை அந்தக் குட்டையில் ஊற்றியதோ. இனி யாராவது விசாரித்து அது வெளியே வர வேண்டியதுதான் பாக்கி.

மூன்றாம் நாள் காலை, ஷிப்ட்டுக்குக் கிளம்பும் கோலத்தில் இசக்கிசெல்வி வந்து நின்றாள். கையில் கழுவின காலி பாட்டில்.

“ஐயா, ஏணி ஏறிட்டேன். டேங்க்குல முக்குன காகிதம் வெள்ளையாத்தான் இருக்கு. ஹால்ல புடிச்சா நீலம். நேத்திக்கி டேங்க்கக் கழுவி வசந்தகுமார் அண்ணாச்சி தண்ணிய ஏத்துனாவ. அதுக்கும் அப்படித்தான். கொழாய மாத்திப் பாத்தேன். அப்பவும் அப்படித்தான். புதுசா ஒரு ஏர் கன், பெயின்ட் அடிப்பாவல்லா, அத வாங்கி லேப்ல காய்ச்சி வடிச்ச தண்ணிய ஊத்தி அடிச்சேன். அதுவும் நீலம்.”

“புரியற மாதிரி சொல்லு.”

“தண்ணி முழுசா இருக்கும்போது ஒண்ணுமில்ல. முடிய விடப் பொடிசா செதறுதுல்லா, அப்பம் அந்தத் துளியில அந்த மருந்து தானா உண்டாவுது. ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா ராப்பகலா செப்பு மேல எறங்கிக்கிட்டே இருந்தா கறுக்காம என்ன செய்யும்? யாரும் கலக்கல ஐயா.”

“சுத்தத் தண்ணி தானா மருந்தாவுமா? யாருகிட்ட கத வுடற?”

“நானும் நம்பல. தேடிப் படிச்சேன். துளியோட தோலுல நடக்குன்னு ஒரு கூட்டம் சொல்லுது. இல்ல, காத்துல இருக்கத அது இழுத்துக்கிடுதுன்னு இன்னொரு கூட்டம். படிச்சவியளே இன்னும் அடிச்சுக்கிடுதாவ. எதுவா இருந்தாலும் டேங்கர்ல இல்ல. இன்னிக்கி மேனேஜர் முன்னால செஞ்சு காட்டப் போறேன். ஒங்க கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில் வேணும்.”

அவர் உடனே எழவில்லை. “செஞ்சி காட்னா, நீ எழுதனது தப்புன்னு ஆவும். உன் வேல?”

“போனாலும் போவும்” என்றாள். பிறகு, கொஞ்சம் சிரித்த மாதிரி, “ரூமும் போவுதுல்லா, ரெண்டும் ஒண்ணாப் போயிட்டா ஒரே பஸ்ல ஊருக்குப் போயிருவேன்.”

கோதண்டராமன் பாட்டிலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தானே இறைத்து நிரப்பினார். கண்ணுக்கே தெரியாத ஒரு துளியின் தயவில் தன் வீட்டுப் பெயர் தொங்கிக்கொண்டிருப்பது அவருக்குக் கேவலமாக இருந்தது. ஆனாலும் மூடியைத் திருகும்போது அவர் மனம் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டது. அந்தப் பெண் சொல்வது பலிக்க வேண்டும், வல்லக்கோட்டை முருகா. பலித்துவிட்டால் குட்டையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.

ஹாலில் மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். மேலேயிருந்து மூக்குக் குழாய்கள் மட்டும் நின்று நின்று புகைபோல் பனியைத் தூவின. பலராமன் இருந்தார். தன் தண்ணீரையும் சோதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வசந்தகுமார் கைகட்டி நின்றான். புருஷோத்தமன் கதவருகே நின்றான், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

இசக்கிசெல்வி மூன்று பாட்டில்களை மேசையில் வைத்தாள். கிணற்றுத் தண்ணீர், வசந்தகுமாரின் தண்ணீர், லேப்பில் காய்ச்சி வடித்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத்தை முக்கி எடுத்துக் காட்டினாள். மூன்றும் வெள்ளை. பிறகு கிணற்றுத் தண்ணீரை ஏர் கன்னில் ஊற்றி, செங்குத்தாக நிறுத்திய கண்ணாடித் தட்டின் மேல் அடித்தாள். ஈரம் சேர்ந்து, வழிந்து, அடியில் வைத்த கிண்ணத்தில் நாலைந்து சொட்டு தேங்க வெகு நேரமானது. கம்ப்ரசர் மட்டும் மூச்சு வாங்கியது. காகிதத்தை அந்தச் சொட்டுகளில் தொட்டு மேசையில் வைத்தாள்.

கோதண்டராமன் குனிந்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காகிதத்தின் நுனியில், பால் திரிவதுபோல் அவ்வளவு மெதுவாக, ஒரு நீலம் வந்தது. புதுக் கண் அதைப் பிடித்தது. வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது.

வசந்தகுமாரின் தண்ணீரும் நீலமானது. “அப்போ நானும் மருந்துக் கடதானா?” என்றான் அவன். யாரோ சிரித்தார்கள். கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீர். அதுவும் நீலம்.

பலராமன் அந்த மூன்று காகிதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார். இசக்கிசெல்வி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். டேங்க்கிலிருந்து எடுக்காமல் ஹாலில் எடுத்தது தன் தவறு, முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். “மெமோ குடுக்காம இருக்க முடியாதும்மா” என்றார் பலராமன். “தெரியும் சார்” என்றாள்.

பலராமன் கோதண்டராமனிடம் திரும்பினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “தப்பா நெனைச்சிக்காதீங்க சார். வாசல்ல அவ்ளோ பேர் முன்னாடி ஆயிப்போச்சி. நாளையிலேந்து உங்க வண்டிதான். ஹெட் ஆபீஸ்க்கு அனுப்ப ஒரு தாள் வேணும். நீங்க அன்னிக்கி கேட்ல சொன்னதத்தான் அப்டியே எழுதிகீறோம். ஒரு கையெழுத்து.”

தாளை மேசையில் வைத்து, பேனாவைத் திறந்தும் கொடுத்தார். தமிழில்தான் இருந்தது. ‘இதுவரை வழங்கிய தண்ணீர் முழுவதும் எங்கள் சொந்தக் கிணற்றிலிருந்து மட்டுமே எடுக்கப்பட்டது.’ அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அவர் பெயர், அப்பா பெயரோடு.

ஒரு வரி. அதைப் பொய்யென்று சொல்லப்போகிறவர் இந்த ஹாலில் யாருமில்லை. சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவர் ரத்தம். இன்னொருத்தி அவரைப் பார்க்கவேயில்லை. கறை விழுந்த ஒரு தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், அது போகாது என்று தெரிந்தும். அவர் குனிந்து பேனாவை வைத்தார். ‘கோ’ என்று எழுதினார்.

“பெரிப்பா” என்றான் வசந்தகுமார். மேசைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தான். வாசலில் சிரித்தவனின் முகமாக இல்லை. “அன்னிக்கி நான் பேசனது தப்பு. கைல ஏந்தன மனுசன்கிட்ட அப்டி பேசக்கூடாது. எங்கப்பா கேட்டாருன்னா என்ன செருப்பால அடிப்பாரு.” சுற்றிப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. “தாகமா கீது. உன் தண்ணி ஒரு வாய் குடிச்சிக்கிறேன்.”

பாகப்பிரிவினைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவன் இவர் தண்ணீரைக் கேட்பது இதுதான் முதல் முறை. மூடியைத் திருகிக் கழற்றினான். பாட்டில் வாயை நோக்கி உயர்ந்தது.

“வசந்தா, இரு.”

குரல் தன்னுடையதுதானா என்று கோதண்டராமனுக்கே சந்தேகமாக இருந்தது. பேனா முனை தாளிலிருந்து எழுந்துவிட்டிருந்தது. “குடிக்காத. ஒரு நிமிசம் இரு” என்றார் மறுபடியும். கதவருகே புருஷோத்தமன் நிமிர்ந்தான். இசக்கிசெல்வியின் கட்டைவிரல் தகட்டின் மேல் நின்றது.

பாட்டில் வசந்தகுமாரின் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் அப்படியே நின்றது. மேலே குழாய்கள் மூச்சு விட்டன. அவர் கண்ணாடியின் மேல் பனி படிந்து, எதிரே நின்ற முகங்கள் கரைந்தன. துடைக்கக் கை எழவில்லை. கண்ணாடியின் கீழ் விளிம்பு வழியாகத் தாள் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத துளிகள் இறங்கிக்கொண்டேயிருந்தன. ‘கோ’வின் விளிம்பிலிருந்து மையின் நீலம் நூல் நூலாகப் பிரிந்து வெள்ளைக்குள் நடக்க ஆரம்பித்திருந்தது.